தீட்டலே முதல், சவரம் துணை: சவரக்கத்தியின் வாய் குறித்த ஓர் ஆய்வேடு

இயல் 1: கருதுகோளும் எல்லையும்

கத்தியைத் தீட்டுவது சவரம் செய்வதற்காக என்பது உலக வழக்கு. உலக வழக்குகளில் பெரும்பாலானவை யாரும் ஆராயாமலே நிலைத்துவிட்டவை. ஆகவே இதையும் ஐயத்தோடுதான் அணுக வேண்டும். இவ்வாய்வேடு நிறுவ முற்படுவது நேர்மாறான கருத்து: சவரக்கத்தி பிறந்ததே தீட்டப்படுவதற்குத்தான். தீட்டியது சரியா என்று பார்க்க மனித இனம் கண்டுபிடித்த சோதனை முறைதான் சவரம். அதற்கு வாய்த்த சோதனைக்கூடம் முகம்.

ஆய்வுப் பொருள், பிடிக்குள் மடங்கும் ஒற்றை அலகுள்ள பழைய சவரக்கத்தி ஒன்றே. அரிவாள்மணை, அரிவாள், பேனாக்கத்தி ஆகியவை தனித்தனி ஆய்வுக்குரியவை. மாநாட்டு மேடைகளில் தலைவர்களுக்கு வழங்கப்படும் வீரவாள், எக்காலத்தும் தீட்டப்படாத காரணத்தால், இவ்வெல்லைக்குள் வராது.

இயல் 2: முன்னோர் ஆய்வுகள்

இத்துறையின் முதற்சான்றை வள்ளுவரிடமிருந்து தொடங்குவதே தமிழாய்வு மரபு. கூடாவொழுக்க அதிகாரத்தின் இறுதிக் குறளில் (280), உலகம் பழிக்கும் செயலை விட்டுவிட்டால் தலையை மழிப்பதும் தேவையில்லை, சடை வளர்ப்பதும் தேவையில்லை என்கிறார். கூர்ந்து நோக்குக: மழிப்பதை விலக்கினார், வளர்ப்பதை விலக்கினார், தீட்டுவதை விலக்கவில்லை. குறளில் இடம் போதவில்லை என்பார் உளர். ஏழு சீருக்குள் உலகத்தையே அடக்கியவருக்கு ஒரு சொல்லுக்கு மட்டும் இடமில்லாமல் போகாது. ஆகவே அவர் தீட்டலுக்கு உடன்பட்டார் என்றே கொள்ளப்படும்.

வடமொழியில் கடோபநிடதம், ஞானப்பாதை சவரக்கத்தியின் கூர்முனையைப் போலக் கடத்தற்கரியது என்கிறது. 1938இல் திருவண்ணாமலைக்கு வந்து இரமணரைக் கண்டு சென்ற சாமர்செட் மாம், அந்த உவமையையே தலைப்பாக்கி 1944இல் ஒரு நாவல் வெளியிட்டார். முனையைக் கடப்பது எப்படி என்பதில் இரு தரப்பும் காட்டிய அக்கறை பெரிது. அந்த முனையை அவ்வளவு கூராக்கி வைத்த ஆள் யார் என்பதை மட்டும் இருவரும் கேட்கவில்லை.

மெய்யியலார் நிலை இன்னும் மோசம். 14ஆம் நூற்றாண்டில் ஆக்கம் ஊர் வில்லியம் என்ற ஆங்கிலேயத் துறவியின் பெயரால் ஒரு கத்தி புழக்கத்துக்கு வந்தது. வேண்டாத அனுமானங்களை அதைக் கொண்டு மழித்துவிட வேண்டும் என்பது விதி. உலகத்துத் தத்துவத் துறைகள் அத்தனையும் ஏழு நூற்றாண்டுகளாக அந்த ஒரே கத்தியைத்தான் புழங்கி வருகின்றன. ஒருவராவது அதைக் கூர்ப்படுத்தத் தோல்வாரில் இழுத்ததாகக் குறிப்பு இல்லை. இன்றைக்கு அது என்ன பதத்தில் இருக்கும் என்பதைத் துறையினரே ஊகித்துக்கொள்ளட்டும்.

செயல்முறை அறிந்தோர் வேறு வகை. ரோமானியரான மூத்த பிளினி, கி.பி. 77 அளவில் முடித்த தம் இயற்கை வரலாற்று நூலில் தீட்டுக்கற்களை வகைப்படுத்துகிறார்: எண்ணெய் விட்டுத் தீட்டுபவை, தண்ணீர் விட்டுத் தீட்டுபவை, இரண்டுக்கும் ஏற்றவை. நான்காவதாக, முடிதிருத்துவோர் கடைகளில் எச்சில் துப்பித் தீட்டும் கற்கள் என ஒரு வகையைச் சேர்த்து, அவற்றுள் ஸ்பெயின் நாட்டுக் கல்லே தலைசிறந்தது என்று தீர்ப்பும் சொல்கிறார். வாடிக்கையாளர்கள் இதைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்பதை அவர் பதியவில்லை. தூய தீட்டலியலுக்கு அது வேண்டியதும் இல்லை.

1769இல் பாரிசின் கத்திக் கொல்லர் ழான் ழாக் பெரே, தனக்குத்தானே சவரம் செய்துகொள்ளும் கலை பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அதன் தலைப்புப் பக்கம் நம் கருதுகோளுக்கு வலுவான சான்று. சவரம் முதல் வரியோடு முடிந்துவிடுகிறது. பிறகு வருபவை தீட்டுக்கற்களை அடையாளம் காணும் வழி, கத்தி இழுக்கும் தோலைப் பக்குவப்படுத்தும் முறை. கடைசியில், குருதி வடித்தல் பற்றிய ஒரு முக்கியக் குறிப்பும் இணைக்கப்பட்டுள்ளது என்று முடிகிறது. கல்லையும் தோலையும் பற்றிய பகுதிகளைப் படிக்காமல் சவரத்தில் இறங்கும் வாசகரை மனத்தில் கொண்டே அவர் இதைச் சேர்த்திருக்க வேண்டும். அதே நூற்றாண்டின் இறுதியில் லண்டனில் பெஞ்சமின் கிங்ஸ்பரி எழுதிய சவரக்கத்தி நூலும் இவ்வரிசையையே பின்பற்றுகிறது: எடை, வடிவம், பதம், பராமரிப்பு, பயன்படுத்தும் முறை கடைசியில்தான்.

இயல் 3: கருவியின் இலக்கணம்

சவரக்கத்திக்கு வாய் உண்டு, முதுகு உண்டு, வால் உண்டு. இம்மூன்றில் பாமரர் போற்றுவது வாயை. அறிந்தோர் போற்றுவது முதுகை. காரணம் வருமாறு.

சமையல் கத்தியைக் கல்லில் வைக்கும்போது எவ்வளவு சாய்ப்பது என்பதைக் கைதான் முடிவு செய்ய வேண்டும். கை என்பது காலையில் ஒரு விதமாகவும் மாலையில் ஒரு விதமாகவும் முடிவெடுக்கும் உறுப்பு. சவரக்கத்தியில் அந்தப் பொறுப்பு கையிடம் இல்லை. முதுகும் வாயும் ஒருசேரக் கல்லில் படியும்படி கிடத்தினால் போதும். கோணம் தானே அமையும். முதுகின் தடிமன் அலகின் அகலத்தில் நான்கில் ஒரு பங்குக்குச் சற்று மேல் இருப்பதால், வாயில் 15 முதல் 18 பாகை வரை கோணம் கிடைக்கும். ஆண்டுக்கணக்கில் தீட்டத் தீட்ட வாய் தேயும். கூடவே முதுகும் தேயும். ஆகவே கோணம் பெரிதும் மாறாது. தன் கடைசி நாள்வரை தீட்டப்படுவதற்குத் தோதாக ஒரு கருவியை இத்தனை முன்யோசனையோடு யாரோ வடிவமைத்திருக்கிறார்கள். கன்னத்தின் வளைவுக்கோ தாடையின் குழிக்கோ ஏற்ற எந்த ஏற்பாடும் இதில் இல்லை. கல்லில் தட்டையாகக் கிடப்பதற்கான ஏற்பாடு மட்டும் முழுமையாக இருக்கிறது. இதிலிருந்து இக்கருவி யாருக்காகப் பிறந்தது என்பது தெற்றெனப் புலனாகும்.

எஃகைப் பற்றி ஒரு குறிப்பு. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், தென்னிந்தியாவில் மண்மூசையில் உருக்கிய எஃகுக் கட்டிகள் லண்டன் அறிவியலாரின் மேசைக்குச் சென்றன. அவ்வகை எஃகு செய்த வட்டாரங்களில் சேலமும் ஒன்று. ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற லண்டன் கத்திக் கொல்லர் அதைப் பெரிதும் மெச்சினார். மின்காந்தத் தூண்டலைப் பின்னாளில் கண்டறிந்த மைக்கேல் ஃபாரடேயைத் துணைக்கு வைத்துக்கொண்டு, அந்த எஃகின் சூட்சுமத்தைப் பிடிக்க முயன்றார். 1820இல் இருவரும் வெளியிட்ட ஆய்வில், 500இல் ஒரு பங்கு வெள்ளி சேர்த்த எஃகு சிறப்பாக அமைந்தது. இக்கலவை எஃகுகளில் சவரக்கத்திகளும் செய்யப்பட்டன. ஃபாரடே பிறகு மின்சாரத்தின் பக்கம் போய்விட்டார். தீட்டலியலுக்கு அது பேரிழப்பு. உலகம் வெளிச்சம் பெற்றதோடு ஆறுதல் கொள்ள வேண்டியதுதான்.

இயல் 4: கல்

கற்கள் ஊரால் பெயர் பெறும். பெல்ஜியத்தின் ஆர்டென் மலைப்பகுதியில் வியெல்சாம் சுற்றுவட்டாரத்தில் கிடைப்பது கோட்டிக்யூல் என்ற மஞ்சள் கல். அதற்குள் கண்ணுக்குத் தெரியாத கார்னெட் மணித்துகள்கள் பொதிந்திருக்கின்றன. எஃகை அரைப்பவை அவைதாம். ஜெர்மனியின் துரிங்கியக் கல்லும், ஜப்பானில் கியோட்டோ மலைகளில் வெட்டிய நகயாமா கல்லும் அதே தரத்தில் வைத்துப் பேசப்படுபவை. செயற்கைக் கல்லுக்கு ஊர் இல்லை, எண்தான். 1000 எண் கல்லில் வாயின் சரிவைப் பிடிக்க வேண்டும். 4000, 8000 என ஏறி, 12000த்தில் மெருகேற்ற வேண்டும். எண் ஏற ஏறத் துகள் நுண்மையாகும், விலையும் ஏறும், வீட்டில் சொல்லும் விலை மட்டும் ஏறாது.

கல்லுக்கும் ஒரு நோய் உண்டு. தீட்டத் தீட்ட அதன் நடு பள்ளமாகும். பள்ளக்கல்லில் தீட்டிய வாய் நேராக இராது. ஆகவே கத்தியைத் தீட்டும் கல்லை மட்டமாக்க வைரத்துகள் ஒட்டிய ஒரு தகடு தேவை. அந்தத் தகடு மட்டமா என்று பார்க்க நேரான இரும்புச் சட்டம் ஒன்று தேவை. அந்தச் சட்டம் நேரா என்று பார்க்க இன்னொன்று. தருக்க நூலார் இதனை அனவத்தை என்னும் குற்றமாகக் கொள்வர். தீட்டலியலார் இதனை ஞாயிற்றுக்கிழமை என்பர்.

கூர் வந்ததா என்று அறியும் சோதனைகள் மூன்று. முதலாவது, உதிர்ந்த முடி ஒன்றை ஒரு முனையில் பிடித்துத் தொங்கவிட்டுக் கத்தி வாயில் மெல்லப் படவைத்தல். அறுந்து விழுந்தால் தேர்ச்சி. இதற்கு வேண்டிய மூலப்பொருள் தம் தலையில் இல்லாத ஆய்வாளர், வீட்டிலுள்ளோர் சீப்பை நாடுவது மரபு. இரண்டாவது, கட்டைவிரல் சதையில் வாயைக் குறுக்காக வைத்து, அது தோலைப் பற்றுகிறதா என உணர்தல். நெடுக்காக இழுத்தவர்கள் பெரே நூலின் கடைசிக் குறிப்பை நாடுக. மூன்றாவது, முன்கை முடியை மழித்துப் பார்த்தல். தீட்டலியலாரைக் கூட்டத்தில் அடையாளம் காணவும் இதுவே வழி: ஒரு கையில் மட்டும் முழங்கைக்குக் கீழே வழுக்கை விழுந்திருக்கும். அந்த வழுக்கை இருக்கும்போது கன்னத்தில் நான்கு நாள் தாடியும் இருக்குமாயின் அவர் இத்துறையில் ஆழங்கால்பட்டவர் என அறிக.

இயல் 5: வார்

கல் எஃகைக் குறைக்கும், தோல்வார் குறைக்காது. கல்லில் எழுந்த பிசிறை நேர்ப்படுத்தி வாயை ஒழுங்காக்குவதே வாரின் வேலை. கல் எப்போதோ ஒருமுறைதான்; வார் சவரந்தோறும். முதலில் தடித்த துணிப்பட்டையில் 20 இழுப்பு, பிறகு தோலில் 40 முதல் 60 இழுப்பு என்பது பலர் கொள்ளும் கணக்கு. வார் கிடைக்காத இடத்தில் உள்ளங்கையையே வாராகக் கொண்ட முடிதிருத்துநர்கள் இருந்தார்கள். அவர்களைப் பற்றி எழுதும்போது ஆய்வாளர் எழுந்து நின்றே எழுதுகிறார்.

இம்முறையைக் கற்போர் எளிதில் மனனம் செய்ய நூற்பா ஒன்று இங்கு இயற்றித் தரப்படுகிறது:

கல்லில் வாய்முந்தும்; வாரில் முதுகுமுந்தும்;
திரும்புகால் முதுகின்மேல் திரும்பல் மரபே.

உரை: கத்தியைக் கல்லில் தள்ளும்போது வாய் முன்னே செல்ல வேண்டும், வாரில் இழுக்கும்போது முதுகு முன்னே செல்ல வேண்டும், ஒவ்வொரு கோடியிலும் கத்தியைப் புரட்டுகையில் முதுகைத் தரையாகக் கொண்டே புரட்ட வேண்டும். ‘மரபே’ என்ற ஏகாரம் தேற்றம். மரபு பிறழ்ந்தார்க்கு வார் அறும் என்பது குறிப்பாற் பெறப்படும். ‘வார் தளரலாகாது’ என்பதைச் சொல்லாது விட்டது என்னையெனின், தளர்ந்த வாரில் வாய் உருண்டு மழுங்குதலை மாணவர் தாமே அடுத்த நாள் முகத்தில் கற்றுக்கொள்வர் என்க.

வேலை முடிந்ததும் ஈரம் துடைத்து, தையல் மெஷினுக்கு விடும் எண்ணெயில் ஒரு துளி தடவி, குளியலறைக்கு வெளியே வைக்க வேண்டும். கரி எஃகுக்குச் சென்னைக் காற்றே போதும், தனியே தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை.

இயல் 6: சவரம் கத்திக்குப் பகை என்பது

இதுவரை சொன்னவை துணைச் சான்றுகள். இனித் தலைமைச் சான்று.

2020 ஆகஸ்டில் ‘சயின்ஸ்’ இதழில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்து உலோகவியலார் ஓர் ஆய்வை வெளியிட்டனர். முடியைவிட எஃகு ஏறக்குறைய 50 மடங்கு கடினம். அப்படியிருக்க முடியை வெட்டும் எஃகு ஏன் மொக்கையாகிறது என்பது கேள்வி. ஆய்வாளர்களில் ஒருவரான ரோஷியோலி தம் முகத்தையே ஆய்வுக்கு ஒப்படைத்தார். சவரம் செய்து, ஒவ்வொரு முறையும் பிளேடை எலக்ட்ரான் நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்தார். வாய் தேய்ந்து உருளும் என்று எதிர்பார்த்த இடத்தில் அது துண்டு துண்டாகப் பெயர்ந்திருந்தது. முடி வளைந்து கொடுக்கும்போது விசை பக்கவாட்டில் திரும்புகிறது. எஃகின் உள்ளமைப்பு சீராக இல்லாத இடத்தில் அந்த விசை விழுந்தால் அங்கே பல் போய்விடுகிறது.

உலகம் இதைப் பிளேடு பற்றிய ஆய்வு என்று எடுத்துக்கொண்டது. அதன் தருக்க விளைவைக் காணத் தவறியது. இங்கு அது வரிசைப்படுத்தித் தரப்படுகிறது:

சவரம் கத்திக்குக் கேடு என்பது மெய்ப்பிக்கப்பட்டது. தீட்டல் கத்திக்கு ஆக்கம் என்பதில் ஐயமில்லை. ஒரு பொருள் தனக்குக் கேடு செய்வதையே தன் நோக்கமாகக் கொண்டிராது. ஆகவே சவரம் கத்தியின் நோக்கமன்று.

இதன்வழி இன்னொன்றும் விளங்கும். சவரத்துக்கு முன் முகத்தை வெந்நீரில் நனைத்துச் சோப்பு நுரையைக் குழைத்துப் பூசுவது முகத்தின் நலன் கருதி என்பார்கள். நனைந்த முடி மென்மையாகும், எஃகுக்குச் சேதம் குறையும். ஆகவே அது கத்திக்குச் செய்யும் முன்சிகிச்சை.

ஐரோப்பாவின் பழைய செல்வர்கள் வாரத்துக்கு ஏழு கத்திகள் வைத்திருந்ததும் ஈண்டு நோக்கத்தக்கது. ஒவ்வொரு முதுகிலும் கிழமைப் பெயர் பொறித்து, ஒரே பெட்டியில் விற்றார்கள். சவரம் செய்த கத்திக்கு ஓய்வு வேண்டும் என்ற நம்பிக்கை அக்காலத்தில் இருந்தது. ஒரே முகம் வாரம் முழுவதும் உழைக்க, கத்திக்கு மட்டும் ஆறு நாள் விடுப்பு. இவற்றுள் யார் முதலாளி என்பதை வாசகர் தீர்மானிக்கலாம்.

இயல் 7: மறுப்பும் மறுப்புக்கு மறுப்பும்

அற்றேல், தீட்டவே வேண்டாத பிளேடை உலகம் கைதட்டி ஏற்றது என்னையெனின், அதுவும் ஆராயத்தக்கது.

1895இல் ஒரு காலை, பாஸ்டனை அடுத்த புரூக்லைனில் கிங் கேம்ப் ஜில்லெட் சவரம் செய்யக் கத்தியை எடுத்தார். அது வாரில் இழுத்தாலும் தேறாத அளவுக்கு மழுங்கியிருந்தது. கல்லுக்குத்தான் போக வேண்டும். எந்த மாணவனும் இந்த இடத்தில் கல்லை எடுப்பான். அவர் அதற்குப் பதில் ஒரு தொழிலையே தொடங்கினார். நிக்கர்சன் என்ற பொறியாளர் மெல்லிய எஃகுத் தகட்டைக் கடினமாக்கும் வழியைக் கண்டுகொடுத்தார். 1903இல் விற்றவை 51 ரேசர், 168 பிளேடு. முதல் உலகப் போரில் அமெரிக்க அரசு வீரர்களுக்காக வாங்கியவை 35 லட்சம் ரேசர். தீட்ட வேண்டாம், வாரில் இழுக்க வேண்டாம் என்பதே நிறுவனத்தின் விளம்பரம். விளம்பரம் முழுக்கத் தீட்டலைப் பற்றியது, சவரத்தைப் பற்றியதன்று. எதிரியே நம் துறையைத்தான் பேசினார்.

இனி நடந்ததைப் பாருங்கள். விடுதலை பெற்ற ஆடவர் மீண்டும் தோலைத் தேடினர். ஹென்றி கெய்ஸ்மன் என்பவர், பிளேடைக் கழற்றாமலே வாரில் இழுக்கும் ஆட்டோஸ்ட்ராப் ரேசரைக் கொண்டுவந்தார். இங்கிலாந்தின் ரோல்ஸ் ரேசர், பெட்டியின் ஒரு மூடியில் கல்லும் மறு மூடியில் தோலும் பதித்து, ஒரே பிளேடை இழுத்திழுத்துப் பயன்படுத்த வைத்தது. 1930இல் காப்புரிமைத் தகராறு முற்றி, ஜில்லெட் நிறுவனம் ஆட்டோஸ்ட்ராப்போடு இணைந்தது. கெய்ஸ்மனே இணைந்த நிறுவனத்தின் தலைமைக்கு வந்தார். தீட்ட வேண்டாம் என்று தொடங்கிய வீட்டின் தலைமாட்டில் வாரோடு வந்தவர் உட்கார்ந்தார்.

பிராகா நகரத்து வானொலிப் பொறியாளர் காரெல் திர்பால் ஒரு படி மேலே போனார். சியோப்ஸ் பிரமிடின் வடிவில் செய்த அட்டைக் கூட்டுக்குள் பழைய பிளேடை வைத்தால் கூர் திரும்பும் என்று விண்ணப்பித்தார். செக்கோஸ்லோவாக்கியா 1959இல் 91304 எண் கொண்ட காப்புரிமையும் தந்தது. பிளேடு கூரானதா என்பதன்று கேள்வி. மழுங்கிய பிளேடை எப்படியாவது மறுபடி கூராக்கிப் பார்க்க ஒரு மனிதன் பார்வோனின் கல்லறை வரை போனான் என்பதே சான்று.

நம்மூர் நிலையும் சொல்லப்பட வேண்டும். ஒரு சலூனில் நிகழ்ந்த கள உரையாடல்:

“வாரெல்லாம் இப்ப வைக்கிறது இல்லீங்களா?”

“எங்கப்பா காலத்தோட சரிங்க சார். இப்ப பாதி பிளேடு. ஒரு ஆளுக்கு ஒண்ணு, தூக்கிப் போட்டுட்டுப் புதுசு.”

“கத்தி தீட்டுறது?”

“தலையைக் கொஞ்சம் சாய்ங்க சார்.”

ஒருவர் ரத்தம் மற்றவருக்குத் தொற்றாமல் இருக்கத்தான் பிளேடை இரண்டாக ஒடித்து ஆளுக்கு ஒரு பாதி போடும் வழக்கம் வந்தது. அதன் நியாயத்தை இவ்வாய்வு முழுமனத்தோடு ஏற்கிறது. கடையில் தீட்டல் நின்றதால், அது வீட்டுக்குள் குடியேறியது. இன்று பழைய கத்தி வாங்குவோர் பிழைப்புக்காக வாங்குவதில்லை. கல் சேர்க்கிறார்கள், தோல் சேர்க்கிறார்கள், நுண்ணோக்கியில் வாயைப் படம் எடுக்கிறார்கள். சவரத்திலிருந்து பிரித்தெடுத்த தூய தீட்டல், வரலாற்றில் முதன்முறையாகத் தனித்து நிற்கிறது.

இயல் 8: முடிவுகளும் பரிந்துரைகளும்

ஆய்வில் கண்ட முடிவுகள்: கத்தியின் வடிவம் கல்லுக்கானது. நூல்கள் கல்லையும் தோலையுமே விரித்துப் பேசின. முடி கத்திக்குப் பகை. தீட்டலை ஒழிக்க வந்த தொழிலும் தீட்டலிடமே தோற்றது. ஆகவே தீட்டலே முதல், சவரம் துணை.

மேலாய்வுக்கு உரியவை இரண்டு. முதலாவது, சோதனைக்கூடமாக முகத்துக்கு மாற்று ஒன்று காணுதல். முன்கை முடி வளர்வதற்குள் அடுத்த சோதனைக்கு நேரம் வந்துவிடுகிறது. இரண்டாவது, இன்றைய இளைஞரின் தாடி இத்துறையை அழித்துவிடும் என்ற அச்சத்தைக் களைதல். இந்த அச்சம் அடிப்படையற்றது. சவரம் செய்பவர் தீட்டிய கத்தியை அன்றைக்கே கெடுத்துவிடுகிறார். நெஞ்சுவரை தாடி வளர்த்து, கத்தியை நாள்தோறும் தீட்டி, எண்ணெயிட்டு, பெட்டியில் வைப்பவரிடம்தான் அது தான் பிறந்த நிலையிலேயே இருக்கும். எனவே தீட்டலியலில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்வோரிடம் தாடி கட்டாயத் தகுதியாக இருத்தல் வேண்டும். மழித்த முகத்தோடு வருபவரை நேர்காணலிலேயே பயன்பாட்டு அறிவியல் பக்கம் அனுப்பிவிடலாம்.